ஊராட்சிச் சாலைக் கணக்கு: எந்தப் பதிவேட்டை, யாரிடம், எப்படிக் கேட்பது?

(தேதிக்குப் பின் இருப்பது பதிவை எழுதியவரின் புனைபெயர்.)

12.3.2025 காலை – கேணிக்கரை

எங்கள் கிராம ஊராட்சியில் போன நிதியாண்டில் ஒரு தெருவுக்கு சிமெண்ட் சாலை போட்டார்கள். கனம் குறைவாகத் தெரிகிறது. ஆர்.டி.ஐ.யில் நான்கு கேள்வி எழுதினேன்:

சாலை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது?
யார் பொறுப்பு?
எவ்வளவு செலவு?
ஊராட்சியின் ஐந்து வருட வரவு செலவு முழுவதும் தருக.

முதல் இரண்டும் "வினா வடிவில் உள்ளதால் தகவல் வரையறைக்குள் வராது" என்று வந்துவிட்டது. மூன்றாவதற்கு ஒற்றை வரியில் ஒரு தொகை. நான்காவதற்கு "நேரில் வந்து பார்வையிடலாம்". தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றாலே இப்படித்தானா?

12.3.2025 மதியம் – ஊர்க்கணக்கு

அந்தப் பதில் சட்டப்படி சரி. பிரிவு 2(எஃப்)-ல் தகவல் என்றால் அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் ஆவணம், பதிவேடு, குறிப்பு, மாதிரி போன்றவை. இல்லாத ஒன்றைப் புதிதாகத் தொகுத்துத் தரவோ, விளக்கமோ கருத்தோ எழுதித் தரவோ அலுவலருக்குக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சி.பி.எஸ்.இ. – ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் சொல்லிவிட்டது.

அதனால் "ஏன்", "யார் பொறுப்பு" என்பதை விட்டுவிடுங்கள். அந்தப் பதில் எந்தத் தாளில் எழுதியிருக்கிறதோ, அந்தத் தாளை அதன் பெயர் சொல்லிக் கேளுங்கள். சாலை வேலைக்கு அலுவலகத்தில் வரிசையாக இவை இருக்கும்: ஊராட்சித் தீர்மானம், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், வேலை உத்தரவு, எம்-புக், பில், பணம் வழங்கிய வவுச்சர், நிறைவுச் சான்று. "ஏன்" என்று நீங்கள் கேட்டதன் விடை எம்-புக்கில் இருக்கிறது. "யார்" என்பதன் விடை அதன் அடியில் உள்ள கையெழுத்துகளில் இருக்கிறது.

12.3.2025 மாலை – கேணிக்கரை

எம்-புக் என்றால்?

12.3.2025 இரவு – அளவுநாடா

அளவுப் புத்தகம். பக்க எண் அச்சிட்ட கெட்டி அட்டைப் புத்தகம். வேலை முடிந்த பகுதியைப் பொறியாளர் அளந்து, எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், மொத்த அளவு என்று கட்டம் கட்டமாக எழுதுவார். மேலதிகாரி சரிபார்ப்பு அளவீடு செய்ததற்கும் அதிலேயே கையெழுத்து இருக்கும். ஒப்பந்ததாரருக்குப் பணம் போவது இந்தப் புத்தகத்தில் உள்ள அளவுக்குத்தான். எத்தனையாவது புத்தகம், எந்தப் பக்கம் என்று பில்லில் எழுதியிருக்கும்.

14.3.2025 – ஊர்க்கணக்கு

இனி மனு வாசகம். வேலைப் பெயரை, வேலை நடந்த இடத்தில் வைத்திருக்கும் பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். பலகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் எழுத்து அழிந்துவிடும்.

"……… ஊராட்சி ஒன்றியம், ……… கிராம ஊராட்சி, ……… தெருவில் 2023-24 நிதியாண்டில் ……… திட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சிமெண்ட் கான்கிரீட் சாலை தொடர்பாகக் கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்கள் தேவை.
1. மதிப்பீடு, அதன் வரைபடத்துடன்.
2. நிர்வாக அனுமதி ஆணை, தொழில்நுட்ப அனுமதி ஆணை.
3. வேலை உத்தரவு, ஒப்பந்த உடன்படிக்கை.
4. இவ்வேலைக்கான பதிவுகள் உள்ள அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், முகப்புப் பக்கத்துடன்.
5. வழங்கப்பட்ட பில்கள், வவுச்சர்கள்.
6. தரப் பரிசோதனை அறிக்கைகள் இருப்பின் அவை.
7. மேற்கண்ட கோப்பின் குறிப்புப் பகுதி."

ஏழாவதை விடாதீர்கள். கோப்பில் நடப்பு, குறிப்பு என்று இரண்டு பகுதி உண்டு. வெளியே போகும் கடிதமெல்லாம் நடப்புப் பகுதியில் இருக்கும். எழுத்தரும் அலுவலரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது குறிப்புப் பகுதியில் இருக்கும். ஆட்சேபம் யாராவது எழுப்பியிருந்தால் அங்கேதான் தெரியும்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டாம். பிரிவு 6(2) காரணம் கேட்கவே கூடாது என்கிறது. குற்றச்சாட்டையும் மனுவில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அது புகார் மனுவாகி வேறு மேசைக்குப் போய்விடும்.

மனுக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகல் ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய். "நகல் கட்டணத்தைத் தெரிவித்தால் செலுத்துகிறேன்" என்று கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.

14.3.2025 – ஊர்க்கணக்கு

விட்டுப்போனது: ஒரு வேலைக்கு ஒரு மனு. ஐந்து வருட வரவு செலவு முழுவதும் என்று கேட்டால் பிரிவு 7(9)-ஐக் காட்டி, அலுவலகத்தின் உழைப்பு பெருமளவில் திசைதிரும்பும் என்பார்கள். அவர்கள் "நேரில் பார்வையிடலாம்" என்று எழுதியது அதனால்தான். அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் போய்ப் பாருங்கள், தாளில் கிடைப்பதை விட அதிகம் கிடைக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

போகும் முன் தேதி, நேரம், காட்டப்படும் பதிவேடுகளின் பெயர் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ரொக்கப் புத்தகத்தில் ஆரம்பியுங்கள். அதில் உள்ள வவுச்சர் எண்ணைப் பிடித்து வவுச்சர் கட்டுக்குப் போங்கள், அங்கிருந்து இருப்புப் பதிவேட்டுக்கு. தெருவிளக்குக்கு 40 பல்பு வாங்கியதாக வவுச்சர் இருந்தால், 40-ம் இருப்பில் ஏறி, எந்தக் கம்பத்துக்குப் போனது என்று வழங்கல் பத்தியில் இறங்கியிருக்க வேண்டும். வேண்டிய பக்க எண்களைக் குறித்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் நகல் கேளுங்கள். குறிப்பெடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, பிரிவு 2(ஜே). செல்போனில் படம் எடுக்க விடவில்லை என்றால் அங்கே வாக்குவாதம் செய்து அந்த ஒரு மணி நேரத்தை இழக்காதீர்கள். பக்க எண் போதும்.

15.3.2025 – தெற்குவாசல்

மனு போடும் முன் இணையத்தில் பார்த்தீர்களா? இ-கிராம ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி தேர்ந்தெடுத்தால் திட்ட அறிக்கையும் வரவு செலவும் வரும். நிதிக்குழு மானியத்தில் (ஒன்றிய அரசிடமிருந்து ஊராட்சிக்கு வரும் நிதி) செய்த வேலை என்றால் யாருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்பது வரை இருக்கும். ஆடிட் ஆன்லைன் தளத்தில் தணிக்கை அறிக்கைகள் இருக்கின்றன. நூறு நாள் வேலைக்கு அதன் தளத்தில் வருகைப் பட்டியல் வரை ஊராட்சி வாரியாகப் பார்க்கலாம். ஒப்பந்தப்புள்ளிகளுக்கு மாநில டெண்டர் தளம்.

15.3.2025 – ஊர்க்கணக்கு

நல்ல நினைவூட்டல், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தளத்தில் கிடைக்கும் வவுச்சர் எண், தேதி, தொகை மூன்றையும் மனுவில் எழுதிவிட்டால் "எந்த வேலை என்று தெளிவாக இல்லை" என்ற பதில் வராது.

ஒரு எச்சரிக்கை: எல்லாச் சாலையும் அந்தத் தளத்தில் இருக்காது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நமக்கு நாமே, அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் போன்றவற்றின் கணக்கு வேறு இடத்தில் ஓடும். பலகையில் திட்டத்தின் பெயர் என்ன என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. 15-வது நிதிக்குழு மானியத்தில் பெரும்பகுதி குடிநீர், துப்புரவுக்கென்று கட்டுண்ட நிதி. அதில் சாலை போட முடியாது. சாலைச் செலவு கட்டுண்ட நிதியில் ஏறியிருந்தால் கனம் பார்க்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

17.3.2025 – கேணிக்கரை

யாருக்கு அனுப்புவது? தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. ஊராட்சி செயலரிடம் கொடுத்தால் வாங்க மறுக்கிறார்.

17.3.2025 – ஊர்க்கணக்கு

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் காலம் 5.1.2025-ல் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் இருக்கின்றன. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் மட்டும் தலைவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு இது தடையே இல்லை, ஆவணங்கள் அலுவலகத்துக்குச் சொந்தம்.

உறையின் மேல் ஆள் பெயர் வேண்டாம். "பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம், ……… ஊராட்சி ஒன்றியம்" என்று எழுதுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர்: ஒருவர் கிராம ஊராட்சி, இன்னொருவர் வட்டார ஊராட்சி. ஆனால் எம்-புக் பொறியியல் பிரிவில் இருக்கும். மனு தவறான மேசைக்குப் போனாலும் திருப்பி அனுப்பக் கூடாது. பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலருக்கு மாற்றி, உங்களுக்கும் தகவல் தர வேண்டும்.

நேரில் கொடுத்து அல்லாட வேண்டாம். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். அட்டையில் உள்ள தேதிதான் உங்கள் 30 நாள் கணக்கின் ஆரம்பம், நீங்கள் அனுப்பிய தேதி அல்ல.

18.3.2025 – தெற்குவாசல்

மாநில ஆன்லைன் ஆர்.டி.ஐ. தளம்?

18.3.2025 – ஊர்க்கணக்கு

பட்டியலில் உங்கள் அலுவலகம் இருந்தால் தாராளமாக. இல்லாவிட்டால் தலைமைச் செயலகத் துறைக்குப் போட்டு அது கீழே இறங்கி வரும் வரை காத்திருக்க வேண்டாம், தபாலே வேகம்.

12.4.2025 – கேணிக்கரை

அட்டை 19.3 தேதியிட்டுத் திரும்பியது. இப்போது கடிதம் வந்திருக்கிறது, 11.4-ல் அனுப்பியது: 46 பக்கம், 92 ரூபாய் கட்டவும். 30 நாள் கெடு இதனால் போய்விட்டதா?

12.4.2025 – ஊர்க்கணக்கு

போகவில்லை, நின்றிருக்கிறது. பிரிவு 7(3)-ன்படி அவர்கள் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை கணக்கில் சேராது. 19.3-ல் பெற்று 11.4-ல் அனுப்பியதால் 23 நாள் ஓடிவிட்டது. மீதி 7. நீங்கள் 21.4-ல் கட்டினால் 28.4-க்குள் நகல் அனுப்ப வேண்டும். பணம் கட்டிய ரசீதோ செலானோ, அதன் நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, ஒன்றை ஒரு வரிக் கடிதத்துடன் அனுப்புங்கள். கட்டியது அவர்களுக்குத் தெரியவேண்டும் இல்லையா.

30 நாள் கழித்துக் கட்டணம் கேட்டிருந்தால் கட்டவே வேண்டியதில்லை. பிரிவு 7(6), இலவசமாகத் தர வேண்டும்.

அந்தக் கடிதத்தில் பக்கக் கணக்கு, மேல்முறையீட்டு அலுவலரின் பதவி, முகவரி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இருக்க வேண்டும்.

2.5.2025 – கேணிக்கரை

நகல் வந்துவிட்டது. மதிப்பீட்டில் நீளம் 110 மீட்டர். எம்-புக்கில் 100. பத்து மீட்டரைக் காணோம்!

2.5.2025 – அளவுநாடா

பொறுங்கள். மதிப்பீடு என்பது உத்தேசம். பணம் எம்-புக் அளவுக்குத்தான் போகும். 100-க்குப் பணம் கொடுத்து 100 போட்டிருந்தால் குற்றமே இல்லை. நீங்கள் ஒப்பிட வேண்டியது எம்-புக்கையும் தரையில் இருக்கும் சாலையையும். மதிப்பீட்டையும் எம்-புக்கையும் வைத்துப் புகார் எழுதினால் ஒரே கடிதத்தில் முடித்துவிடுவார்கள்.

கணக்கு இப்படி. 100 மீ × 3 மீ × 0.15 மீ = 45 கன மீட்டர். கனம் உண்மையில் 0.12 என்றால் 36. ஒன்பது கன மீட்டர் குறைகிறது. எம்20 கலவைக்கு (கான்கிரீட்டின் ஒரு வலிமைத் தரம்) கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட் என்று வைத்தால் 72 மூட்டை. மூன்று சென்டிமீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது, வேலையில் ஐந்தில் ஒரு பங்கு அது.

நீளத்தை நாடா வைத்து இரண்டு பேர் பிடித்து அளங்கள். அகலத்தைக் குறைந்தது ஐந்து இடத்தில். எம்-புக்கில் சந்துத் திருப்பங்கள் தனி வரியாக இருக்கும், அவற்றை மறந்துவிட்டு அளவு குறைகிறது என்று சொல்லாதீர்கள்.

3.5.2025 – அளவுநாடா

கனம் பற்றி ஒன்று. நேற்று எழுதிய பிறகு தோன்றியது. ஓரத்தில் அளந்தால் ஏமாறலாம். பலகை அடித்து ஊற்றுவதால் ஓரம் முழுக் கனமாக இருந்து நடுவில் தரை மேடாகவும் இருக்கலாம். ஓரத்தில் மண் சரிந்து கலவை கீழே இறங்கி அதிகமாகவும் தெரியலாம். கீழே போட்ட சல்லிக் கலவையும் மேல் கான்கிரீட்டும் எம்-புக்கில் தனித்தனி வரி. இரண்டையும் சேர்த்து அளந்துவிட்டு சரியாக இருக்கிறதே என்றும் நினைத்துவிடக் கூடாது.

சாலையை உடைத்துப் பார்க்க வேண்டாம். பொதுச் சொத்துச் சேதம் என்று வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

3.5.2025 – ஊர்க்கணக்கு

அதற்குத்தான் சட்டத்திலேயே வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பிரிவு 2(ஜே)-ல் வேலையைப் பார்வையிடுவதும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுப்பதும் தகவல் பெறும் உரிமைக்குள் அடக்கம். "மேற்படி சாலையில் மூன்று இடங்களில், பொறியாளர் முன்னிலையில், துளையிட்டு எடுத்த மாதிரி முத்திரையிட்டுத் தருக" என்று தனி மனு போடுங்கள். துளையிடும் செலவு உங்கள் பக்கம் வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூன்று இடம் என்பதை மனுவிலேயே வீட்டு எதிர் அடையாளம், மின்கம்ப எண் போட்டுக் குறித்துவிடுங்கள்.

20.6.2025 – பனங்காடு

எனக்கு வேறு மாதிரி. 2009-ல் போட்ட தீர்மானம் ஒன்று கேட்டேன். "ஆவணம் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி.

20.6.2025 – ஊர்க்கணக்கு

அந்த ஒரு வரியில் நின்றுவிடாதீர்கள். ஆவணம் ஒன்று அழிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது இருக்க வேண்டும், அல்லது தொலைந்திருக்க வேண்டும். மூன்றுக்கும் தனித்தனித் தாள் உண்டு.

அலுவலகக் கடிதங்களில் ந.க. எண் என்று பார்த்திருப்பீர்கள், நடப்புக் கணக்கு எண். கோப்பு முடியும்போது அது ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஏதோ ஒன்றாக மாறும்: ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த இரண்டு எழுத்திலேயே இருக்கிறது. எண் தெரியவில்லையா, அந்த இருக்கை எழுத்தரின் தன்பதிவேட்டில் அந்த மாதப் பக்கங்களைக் கேளுங்கள். வந்த தபால், என்ன எண், எங்கே போனது, எப்படி முடிந்தது என்று வரிசையாக இருக்கும்.

அழித்துவிட்டோம் என்றால்: அழிப்புக்கான ஆணையின் நகல், அழிக்கப்பட்ட கோப்புகளின் பட்டியல். தொலைந்தது என்றால்: தொலைந்தது பற்றி யாருக்கு அறிக்கை அனுப்பினார்கள், அதன் நகல். காணாமல் போனது என்பது சட்டத்தில் விலக்கு அல்ல. தேடவும், பொறுப்பை நிர்ணயிக்கவும் விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் விஸ்வாஸ் பம்புர்கர் வழக்கில் சொன்னது. மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள்.

தீர்மானப் புத்தகத்துக்கு இன்னொரு வழி: தீர்மான நகல் ஒன்று ஒன்றிய அலுவலகக் கோப்பில் அடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நிர்வாக அனுமதி கேட்கும் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருப்பார்கள். அங்கேயும் ஒரு மனு.

21.6.2025 – பனங்காடு

பிறப்புச் சான்றையும் இப்படிக் கேட்கலாமா?

21.6.2025 – ஊர்க்கணக்கு

வேண்டாம். பிறப்பு இறப்புப் பதிவுக்குத் தனிச் சட்டம், தனித் தேடல் கட்டணம், தனி இணையதளம் இருக்கின்றன. பட்டா, சிட்டா, அ பதிவேடு, புலப்பட வரைபடம் இவையும் வருவாய்த் துறை இணையதளத்தில் நேரடியாகக் கிடைக்கின்றன. வழக்கமான வாசல் திறந்திருக்கும்போது 30 நாள் ஏன் காத்திருக்க வேண்டும்?

9.9.2025 – தெற்குவாசல்

மேலே பதிவுத் தபால் என்று எழுதியிருப்பதை மாற்றுங்கள். இந்தச் செப்டம்பரிலிருந்து அதை ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைத்துவிட்டார்கள்.

9.9.2025 – ஊர்க்கணக்கு

ஆமாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, கண்காணிப்பு எண்ணை வைத்து "வழங்கப்பட்டது" என்ற பக்கத்தை அன்றைக்கே அச்செடுத்து வையுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பக்கம் தளத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. மேல்முறையீட்டில் அதுதான் உங்கள் தேதிச் சான்று.

மேல்முறையீடு பற்றி இதுவரை யாரும் முழுதாக எழுதவில்லை. பதில் வந்த நாளிலிருந்தோ, 30 நாள் முடிந்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிரிவு 19(1). கட்டணம் இல்லை. மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு, 19(3).

நிறையப் பேர் கோபத்தில் பிரிவு 18-ன் கீழ் புகார் அனுப்புகிறார்கள். அதில் அலுவலருக்கு அபராதம் விழலாம், நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. ஆனால் தாள் கிடைக்காது. பிரிவு 18-ல் தகவலைத் தரச் சொல்லி ஆணையம் உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் மணிப்பூர் வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. உங்களுக்கு எம்-புக் வேண்டுமென்றால் 19-ஐப் பிடியுங்கள். அபராதத்தையும் அதே மனுவில் கேட்கலாம்.

28.11.2025 – பனங்காடு

இப்போது எல்லாவற்றுக்கும் "தனிப்பட்ட தகவல், 8(1)(ஜே)" என்று வருகிறது. ஒப்பந்ததாரர் பெயர்கூடத் தரவில்லை.

28.11.2025 – ஊர்க்கணக்கு

இரண்டு வாரத்துக்கு முன் அந்தப் பிரிவு மாறிவிட்டது. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) நடைமுறைக்கு வந்ததால், பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகமும், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை மக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற விதியும் நீங்கிவிட்டன. இது பெரிய இழப்பு, மென்று விழுங்க விரும்பவில்லை. சமூகத் தணிக்கைக்கு அந்த வரிகள்தான் தூணாக நின்றன.

மிச்சம் இருப்பவை: பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. விலக்கு இருந்தாலும், வெளியிடுவதன் பொதுநலன் தீங்கை விட அதிகம் என்றால் தரலாம். காரணம் எழுதத் தேவையில்லை என்று மார்ச்சில் சொன்னேன். ஆள் பெயர் வரும் ஆவணங்களுக்கு மட்டும் அதை மாற்றிக்கொள்கிறேன்: பொதுப் பணம் செலவான வேலை, பொதுநலன் இது, 8(2)-ன் கீழ் பரிசீலிக்கவும் என்று இரண்டு வரி சேருங்கள். பிரிவு 4(1)(பி)-ன்படி மானியத் திட்டப் பயனாளிகள் விவரத்தை அலுவலகம் கேட்காமலேயே வெளியிட வேண்டும், அதையும் சுட்டுங்கள். வங்கிக் கணக்கு எண், ஆதார் போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தர பிரிவு 10 இருக்கிறது. "அவற்றை மறைத்துத் தருக" என்று நீங்களே எழுதிவிட்டால் மறுக்கக் காரணம் குறையும்.

ஒப்பந்ததாரர் பெயர் வேலை உத்தரவில் இருக்கும், ஒப்பந்தப்புள்ளி முடிவிலும் இருக்கும். வேலை உத்தரவு என்ற ஆவணத்தைக் கேளுங்கள், "ஒப்பந்ததாரர் யார்" என்று கேட்காதீர்கள்.

29.12.2025 – கேணிக்கரை

மாதிரி எடுக்கும் மனு மேல்முறையீட்டில் இருக்கிறது. இடையில் வேறு ஏதாவது செய்யலாமா?

29.12.2025 – ஊர்க்கணக்கு

ஜனவரி 26 கிராம சபை. ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவை அங்கே வைக்க வேண்டும், கேட்க எந்த மனுவும் வேண்டாம். உங்களிடம் எம்-புக் நகல் இருக்கிறது. "பக்கம் இத்தனையில் கனம் 15 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறது, துளை மாதிரி எடுத்துச் சரிபார்க்க இந்தச் சபை கோருகிறது" என்று தீர்மான வாசகத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் "சாலை குறித்து விவாதிக்கப்பட்டது" என்று மட்டும் புத்தகத்தில் ஏறும்.

குறைவெண் வரம்பையும் (சபைக்குக் குறைந்தது வர வேண்டியவர்களின் எண்ணிக்கை) பாருங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எண்ணிக்கை குறைந்தால் தீர்மானம் நிற்காது, எனவே தெருக்காரர்களை அழைத்துப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சபை முடிந்த மறுநாளே அந்தத் தீர்மானப் பக்கத்துக்கும் வருகைப் பக்கங்களுக்கும் 10 ரூபாய் வில்லை ஒட்டி ஒரு மனு.